ரெண்டு போன் அண்ணனின் பியூன்

வழி தவறுவதற்கு நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு போன் போதும். இரண்டு போன் வைத்துக்கொண்டு, முந்தின நாளே மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு, முறைப்படி வழி தவறிய மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் சிஞ்ச்வட்டில் எங்கள் சொசைட்டியின் பி விங் மூன்றாம் மாடியில் இருந்தார். வாட்ச்மேனிலிருந்து இஸ்திரிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'தோ ஃபோன்வாலே அங்கிள்'. சொசைட்டியிலிருந்த நாலு தமிழ்க் குடும்பங்களுக்கு ரெண்டு போன் அண்ணன். சொந்தப் பெயர் லெட்டர் பாக்ஸில் எழுதியிருந்தது. அதையும் மழை அழித்துவிட்டது.

அண்ணனின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து தளவாடத் தொழிற்சாலை வேலைக்காகப் புனே வந்தவர். அண்ணன் மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகர். வாரம் ஆறு நாள் போல்ட்டையும் நட்டையும் சந்தேகப்படுவார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறிப் பாதையைச் சந்தேகப்படுவார்.

இரண்டாவது போன் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை அண்ணன் காத்ரஜ் மலை இறக்கத்தில் தனியாக விழுந்து நெற்றியைப் பெயர்த்துக்கொண்டார். அன்று அவரிடம் இருந்தது ஒரே போன். காலையிலிருந்து மேப் காட்டிக் காட்டிப் பேட்டரி செத்துக் கிடந்தது. வீட்டில் அக்கா, அதாவது அவர் மனைவி, மூன்று மணி நேரம் போன் போட்டுப் பார்த்து, பிறகு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போட்டுப் பார்த்தார். சாயங்காலம் தலையில் கட்டோடு வந்து நின்றவரிடம் அவர் அழவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு சட்டம் போட்டார்.

"இனிமே நான் போன் அடிச்சி நீ எடுக்கல, ஒரே ஒரு வாட்டி எடுக்கல, சைக்கிள் பங்கார்வாலாக்குப் போயிடும். இன்னா ஏதுன்னு கேக்கமாட்டன். எடைகூட போட வேணாம், சும்மா எடுத்துகினு போன்னு குட்த்துடுவன்."

பங்கார்வாலா என்றால் பழைய இரும்புக்காரர். வாரம் இரண்டு தடவை கைவண்டியோடு எங்கள் கேட்டைத் தாண்டிப் போகிறவர். அக்கா சொன்னால் சொன்னதுதான். அண்ணன் மறுநாளே ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் இருப்பதிலேயே மலிவான போன் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு மூலை கீறல், பின் மூடிக்கு ரப்பர் பேண்ட், சிம் கார்டே கிடையாது. வீட்டு வைஃபையில் மேப்பை இறக்கிக்கொண்டு, பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதை ஹேண்டில் பாரில் கட்டினார்.

"இவரு பியூன். வெயில், மழை எல்லாம் இவருக்கு. பைக்குள்ள தூங்கினு வர்றாரு பாரு, அவரு ஆபீசர். அவரு செய்ற ஒரே வேலை உங்க அக்கா போனை எடுக்கறது."

"எங்க ஆபீசிலும் அப்படித்தாண்ணே" என்றேன்.

ஆபீசருக்கு மூன்றடுக்குப் பாதுகாப்பு. உள்ளே மாவு பாக்கெட் கவர், அதற்கு மேல் பிரெட் கவர், அதற்கும் மேல் புடவைக் கடைப் பை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு. போன் அடித்தால் அண்ணன் ஓடும் சைக்கிளிலிருந்து குதிப்பார்; சைக்கிள் ஒரு பக்கம் போகும்; அவர் மூன்று முடிச்சையும் பல்லால் அவிழ்ப்பார். கடைசி மணிக்குள் எடுத்தாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுட் ரோடு சிக்னலில், பச்சை விழுந்த அதே நொடி ஆபீசர் அடித்தார். அண்ணன் நடு ரோட்டில் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். பின்னால் வந்த பஸ் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, சாக ஆசையா என்று மராத்தியில் கேட்டார். அண்ணன் தலை நிமிராமல் போனை மட்டும் தூக்கிக் காட்டி, "பாய்கோ!" என்றார். மனைவிக்கு மராத்தியில் அதுதான் சொல். டிரைவர் சட்டென்று ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். பின்னால் கத்திக்கொண்டிருந்த ரிக்‌ஷாக்காரரையும் அவரே அடக்கினார். அக்காவுக்கு அன்று தெரிய வேண்டியிருந்தது வீட்டுச் சாவி எங்கே என்பதுதான். அது ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது.

பியூனின் சங்கதி வேறு. மேப்பில் ஊர்ப் பெயர்களை அண்ணன் நம்புவதில்லை. போகிற இடமெல்லாம் அவரே ஒரு பின் குத்தி, தமிழில் அவரே பெயர் வைப்பார். 'நல்ல டீ'. 'டீ பரவாயில்லை'. 'நாய் மூணு, ஒண்ணு கடிக்கும்'. 'வடாபாவ் வேணாம்'. 'பஞ்சர் கடைக்காரர் தங்கமானவர்'. புனேயைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு இப்படி ஒரு தனித் தமிழ்நாட்டையே ஸ்தாபித்து வைத்திருந்தார். பியூன் இங்கிலீஷில் இடது பக்கம் திரும்பச் சொன்னால், "ஏன்?" என்று கேட்பார். அது காரணம் சொல்லாததால் நேராகப் போவார்.

மழைக்காலத்தில் பியூன் சுயமாக முடிவெடுப்பார். கண்ணாடியில் துளி விழுந்தால் விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு இடத்தை மாற்றிவிடுவார். ஒரு ஜூலையில் அணைக்கட்டு பார்க்கக் கிளம்பிய எங்களை மழைத்துளிகள் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போயின. நான் திரும்பலாம் என்றேன். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே போய், மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கை கொடுத்து, பந்தியில் உட்கார்ந்தார். ஜிலேபியும் மசாலா மோரும் வந்தன. எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் பெண் வீடா, பிள்ளை வீடா என்றார். "பியூன் வீடு" என்றார் அண்ணன் தமிழில். வெளியே வந்ததும் முதல் வேலையாக 'மோர் பிரமாதம்' என்று பின் குத்தினார். அடுத்த மாதம் அதே இடத்துக்குப் போய், மண்டபம் பூட்டியிருந்ததைப் பார்த்து வருத்தப்பட்டார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் சொன்னதால் நான் சைக்கிளுக்கு வந்தேன். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாததால் கார்பன் ஃப்ரேம் சைக்கிளாக வாங்கினேன். என் போனும் அப்படித்தான். தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அதன் டப்பாவிலேயே எழுதியிருந்தது. அண்ணனின் பியூனைப் பார்த்து நான் சிரிக்காத நாளில்லை. இதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அண்ணனுக்கு ஒரு ஆசை இருந்தது. சைக்கிளில் கடல் வரை போக வேண்டும். தாம்ஹிணி மலைப்பாதையில் இறங்கினால் கொங்கண் கடற்கரை. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம். அக்கா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடித்தார். அண்ணன் குதித்தார், அவிழ்த்தார், பேசினார். மலைக்கு முன்னால் கடைசியாகச் சிக்னல் கிடைக்கிற டீக்கடையில் இரண்டு மணி போனை எடுத்தார்.

"இன்னமே மலைம்மா. டவர் இருக்காது. நாலு மணிக்கு கீழ எறங்கிடுவோம், அப்ப அடி."

ஸ்பீக்கரில் அக்கா குரல் தெளிவாகக் கேட்டது. "நாலு மணி. நாலு அஞ்சு இல்ல."

மலைப்பாதையின் நடுவே அண்ணனுக்கு ஒரு பின் இருந்தது: 'குரங்கு, பையைக் கட்டு'. யார் முந்திப் போனாலும் அங்கே காத்திருப்பது என்று ஏற்பாடு. அண்ணன் இறக்கத்தில் போய் மறைந்தார். நான் ஓர் அருவியின் முன்னால் நின்று என்னையே நாலைந்து கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டேன். அதற்குள் மேகம் இறங்கிப் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. என் போனில் சிக்னல் இல்லை. மேப் பாதி வந்து நின்றுவிட்டது. ஒரு கிளைச் சாலை இடது பக்கம் பிரிந்தது. அகலமாக, பார்க்க லட்சணமாக இருந்தது. அதில் இறங்கினேன்.

நாலு கிலோமீட்டர் இறங்கி, இரண்டு ஏறி, ஓர் எருமைத் தொழுவத்தில் சாலை முடிந்தது. ஆள் இல்லை. மூன்று எருமைகள் இருந்தன. போனை எடுத்தேன், தண்ணீரில் ஒன்றும் ஆகாத என் போன் ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது. காலில் தசை பிடித்துக்கொண்டது. கையில் கடிகாரமும் கிடையாது, அதற்கும் போன்தான். மழையும் நிற்கவில்லை. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. எருமைகளிடம் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. மழைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் மணி கேட்டது. அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். ஹேண்டில் பாரில் வேறொரு மாவு கவருக்குள் பியூன் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, எருமைங்ககிட்ட வழி கேட்டியா?"

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

அண்ணன் பியூனைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கிளைச் சாலை பிரிகிற இடத்தில் ஒரு பின். 'தப்பு வழி' என்று எழுதியிருந்தது.

"நானே ரெண்டு வாட்டி வந்து மாட்டிகினு இருக்கறன். இந்த மலையில தப்பா போகணும்னா இது ஒண்ணுதான் ரோடு. நீ வேற எங்க போவ?"

சிரித்தேன். சிரிக்கும்போதே நினைவு வந்தது. "அண்ணே, மணி என்ன?"

"நாலே முக்கா."

"அக்கா போன்?"

அண்ணன் என் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். குரங்குப் பின்னில் அவர் இருபது நிமிஷம் காத்திருந்திருக்கிறார். அங்கிருந்து கீழே இறங்கியிருந்தால் நாலு மணிக்குச் சிக்னல் கிடைத்திருக்கும்; சைக்கிள் பிழைத்திருக்கும். ஆனால் மறுபடி ஏறி வருவதற்குள் இருட்டியிருக்கும். அதனால் அவர் மேலே ஏறினார். இதை அவர் வாயால் சொல்லவில்லை. நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆறு மணிக்குச் சிக்னல் வந்ததும் ஆபீசர் வரிசையாகப் பதினோரு மிஸ்டு கால் காட்டினார். அண்ணன் மூன்று கவரையும் நிதானமாக மடித்து வைத்துவிட்டுப் போன் போட்டார். நடந்ததைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "பத்திரமா வீட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

"கத்தல தம்பி" என்றார் அண்ணன். "கத்தியிருந்தா பொழச்சிருப்பன்."

கடலைப் பார்க்காமல் மறுநாள் கொட்டுகிற மழையில் ஒரு டெம்போவில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். சொசைட்டி கேட்டில் பங்கார்வாலாவின் கைவண்டி நின்றது. பக்கத்தில் அக்கா. அண்ணன் டியூபை அவிழ்த்துப் பியூனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சீட்டை ஒருமுறை தட்டினார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கைவண்டியில் சாய்த்தார். பத்து வருஷம் ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்த சைக்கிள் அது.

"அக்கா, அண்ணன் மேல தப்பு இல்ல" என்று நடுவில் போய் நின்றேன். அருவி, போட்டோ, எருமை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா முழுசாகக் கேட்டார்.

"அப்ப இவரு உன்னைத் தேடி மேல வந்ததாலதான் போன் எடுக்கல?"

"ஆமாக்கா."

"தப்பு உன்னுது?"

"என்னுதுதான்க்கா."

அக்கா பங்கார்வாலா பக்கம் திரும்பினார். "பையா, ஓ நஹி. யே லேகே ஜாவ்" என்று, அது வேண்டாம், இதைக் கொண்டு போ என்பதாக என் சைக்கிளைக் காட்டினார்.

வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத கார்பன் ஃப்ரேம். பங்கார்வாலா ஒரு விரலால் அதைத் தூக்கிப் பார்த்து, இரும்பே இல்லையே, இதை வைத்து நான் என்ன செய்வது என்று மறுத்தார். அக்கா விடவில்லை. என் சைக்கிளோடு அவர் போகிற வரைக்கும் நின்று வழியனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

"மேல வா. ரசம் வெச்சிருக்கறன், ஒடம்பு நனைஞ்சி கெடக்குது."

போய்ச் சாப்பிட்டேன். நல்ல ரசம். அண்ணன் மேஜைக்கு அடியில் என் காலைத் தட்டிக் கண்ணடித்தார். இரண்டு மாதம் கழித்து நான் ஒரு சாதாரண சைக்கிள் வாங்கினேன், முழுக்க இரும்பு.

சென்ற வருஷம் ஆபீசுக்குப் பக்கமாக விமான் நகருக்கு வீடு மாறினேன். சாமான் ஏற்றிய அன்று அண்ணன் கீழே வந்து என் கையில் பியூனை வைத்தார். ரப்பர் பேண்ட் புதிது.

"இவரு ரிடையர் ஆயிட்டாரு. எனக்கு வேற ஆள் வந்தாச்சு. அவ்ளோ தூரத்துலேர்ந்து ஞாயித்துக்கெழம நீ தனியா வந்து சேரணும் இல்ல, வெச்சுக்கோ."

புது வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து மேப்பைத் திறந்தேன். நாய் மூன்றும் இருந்தன. மோர் இருந்தது. தாம்ஹிணிக்குப் போனேன், குரங்குப் பின்னைத் தாண்டி மேலே, கிளைச் சாலை பிரிகிற இடத்துக்கு. 'தப்பு வழி'யைக் காணவில்லை. அண்ணன் அதை அழித்துவிட்டு வேறு எழுதியிருந்தார்.

'தம்பி கிடைச்ச இடம்.'

நாங்கள் இன்னும் கடலைப் பார்க்கவில்லை. எப்போது போனாலும் அந்த எருமைகளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.