சராசரி பதினெட்டு நொடி

எண்ண வேண்டியதை விட்டுவிட்டு, எண்ணப் பிடித்ததை மட்டும் எண்ணி மார்தட்டுகிற ஓர் இனம் உலகில் உண்டு. அதற்குச் 'சராசரியார்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், ஓர் இன்வெர்ட்டர் கம்பெனியின் கால் சென்டருக்கு மேலாளரான பூவராகவன் இந்த இனத்தில் முதல் தரம். இரண்டாயிரத்தெட்டு, ஊரெல்லாம் மின்வெட்டு, இன்வெர்ட்டர் வாங்காத வீடில்லை, வாங்கியது மக்கர் பண்ணாத வீடுமில்லை. பன்னிரண்டு பெண்கள் போன் எடுக்க, அறுபது பேர் வரிசையில் காத்திருப்பார்கள். ஆனால் பூவராகவனின் அறிக்கையில் காத்திருக்கும் நேரம் சராசரி பதினெட்டே நொடி! எப்படி ஐயா என்கிறீர்களா? நீங்கள் கேட்கிறீர்கள். மேலிடம் கேட்கவில்லை.

முப்பது நொடிக்கு மேல் யார் காத்திருந்தாலும், 'பிறகு அழைக்கவும்' என்ற தேன் குரலோடு இணைப்பு தானே அறுந்துவிடும். அறுந்தவர் கணக்கில் ஏற மாட்டார். பந்தியில் சாப்பிட்டவர்களை மட்டும் விசாரித்துவிட்டு, ஊரில் யாருக்கும் பசியில்லை என்று எழுதுவது மாதிரி.

"கட் ஆனவங்க பேஜாராயி திரும்பத் திரும்ப அடிச்சிக்கினே கீறாங்க சார்," என்றாள் ரமீஸா, பன்னிரண்டு பேரில் வாய்த்துடுக்கானவள்.

"அடிக்கட்டும்மா. அடிக்கறத நிறுத்திட்டா பிராப்ளம் சரியாப்போச்சுன்னு அர்த்தம்."

அந்த வெள்ளிக்கிழமை மேலிடத்தார் வந்திருந்தார்கள். பதவி உயர்வு வாசல்வரை வந்துவிட்டது. பூவராகவன் கைபேசியை அணைத்துவிட்டு வண்ணக் கட்டங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, மணவாள நகரில் அவர் வீட்டு இன்வெர்ட்டர், ஊழியர் சலுகையில் வாங்கியதுதான், புகையைக் கக்கியது. கணவர் கிடைக்காததால், எந்த ஒயரைப் பிடுங்குவது என்று கேட்க, அதன்மேல் ஒட்டியிருந்த உதவி எண்ணை அழைத்தாள் அவர் மனைவி அஸ்வினி. தேன் குரல். மறுபடி அழைத்தாள். தேன் குரல். பன்னிரண்டாவது தடவை ரமீஸா எடுத்தபோது திரைச்சீலை எரிந்துகொண்டிருந்தது.

யார் வீடு என்று கேட்டறிந்த ரமீஸா, மேலிடத்தார் கூட்டத்துக்குள்ளேயே ஓடினாள். "சார், உங்க ஊடு பத்திக்கினு எரியுது!"

அவர் போய்ச் சேர்ந்தபோது, அக்கம்பக்கத்தார் மண்ணைக் கொட்டித் தீயை அணைத்திருந்தார்கள். கூடம் கரியாகியிருந்தது. அஸ்வினி மகளை அணைத்தபடி தெருவில் நின்றாள். "பதினோரு தடவ அடிச்சேங்க. இன்னா கம்பெனி நடத்துறீங்க?" பூவராகவன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய்யில்லை, உண்மையாகவே அழுதார்.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

மறுநாள் ரமீஸா கேட்டாள்: "மேடம் போன் அடிச்சத ரிப்போர்ட்ல எப்டி சார் ஏத்தறது?"

அவர் மனக்கணக்குப் போட்டார். அந்தப் பதினொன்றும் ஏறினால் பதவி உயர்வு இறங்கிவிடும்.

"கடைசியா எடுத்தியே, அது எவ்ளோ நொடி?"

"பதினெட்டு சார்."

"அத மட்டும் ஏத்து."

சிரிக்காதீர்கள். 'எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது' என்று நேற்று யாரிடமோ பெருமையாகச் சொன்னீர்களே, அதைச் சொல்லுமுன் வீட்டில் யார் யாரைக் கேட்டீர்கள்?