சுருட்டைமுடியின் ஊகம்

கணிதப் பேராசிரியருக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டின் மேல் பழி போட வழியில்லை, சமைத்தது அவரேதான்.

அவர் மனைவியும் கணிதப் பேராசிரியை. அவளும் சுருட்டைமுடிக்காரன் ஒருவனும் சேர்ந்து ஒரு தேற்றத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். தினமும் மணிக்கணக்கில் போன். "அடடா, என்ன அழகு!" என்று அவள் சிலிர்ப்பாள். கல்யாணமானதிலிருந்து இவரைப் பார்த்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. வழுக்கைத் தலையைப் பார்த்து எப்படி வரும்?

"அவன்கூட அப்படி என்னதான் பேச்சு?"

"அவர் ஒரு ஊகம் சொல்லியிருக்காருங்க. அது சரின்னு ஆயிட்டா எங்க வேலை முடிஞ்சுது."

"ஊகம்தானே? தப்பா இருக்கும்."

"அவர் சொன்னா தப்பாகாது. என்ன மூளைங்கறீங்க!"

"தப்புன்னு நான் காட்டறேன்!"

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

அது போதும். அந்த ஊகம் செல்லாத ஓர் உதாரணத்தைப் பிடித்தால் சுருட்டைமுடி குப்புற விழுவான், கூட்டும் கலையும். பேராசிரியர் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுக் கரும்பலகைமுன் நின்றார். குளிக்கவில்லை. உதாரணங்களை ஒவ்வொன்றாக இழுத்து வந்தார். எல்லாம் சொல்லிவைத்தாற்போல் அவன் பக்கமே சாய்ந்தன. துரோகிகள்! ஏன் இப்படி அடங்கிப்போகின்றன என்று வெறியோடு குடைந்தார். குடையக் குடையக் காரணம் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. பலகையில் இடமே இல்லை.

மனைவி காபியோடு வந்தாள்.

"உதாரணம் சிக்கிச்சா?"

"சிக்காது. ஒருநாளும் சிக்காது!"

"ஏன்?"

வாத்தியாரிடம் 'ஏன்' என்று கேட்டால் விடுவாரா? கடைசி வரி வரை விளக்கினார். அவள் செல்போனில் பலகையைப் படம் பிடித்தாள்.

"சிக்காதுன்னா ஊகம் சரிதானே? இதாங்க நிரூபணம். நாங்க ரெண்டு பேரும் இது கிடைக்காம மாசக்கணக்கா முட்டிக்கிட்டோம்."

சாக்பீஸ் கீழே விழுந்தது.

"அப்போ வேண்டாம்னு தடுத்தியே?"

"உதவி பண்ணுங்கன்னு கேட்டிருந்தா திரும்பியாவது பாத்திருப்பீங்களா?"

"என் பேரு?"

"கட்டுரையில முன்னாடியே பேர் போட்டாச்சு, கவலைப்படாதீங்க. ஆனா மாநாட்டுக்கு எங்க ரெண்டு பேரைத்தான் கூப்பிட்டிருக்காங்க. வீட்டைப் பார்த்துக்குங்க. அவர் இன்னொரு ஊகமும் வெச்சிருக்காரு, அது நிச்சயம் சரின்னு சாதிக்கறாரு."

பேராசிரியர் பல்லைக் கடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வாசல் தாண்டியதும் பின்னாலேயே ஓடினார்.

"ஏய், அது என்ன ஊகம்னு சொல்லிட்டுப் போ!"