பல்லு மேஸ்திரியின் தெர்மாகோல் இன்ஜின்

பெங்களூரில் காதால் இன்ஜின் கேட்கிற மெக்கானிக்குகள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பல்லால் கேட்கிறவர் ஒருவர்தான். அந்த ஒருவரும் என் ஆள் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஈஜிபுராவில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. பல்லு மேஸ்திரி ஷெட் என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் மறுபேச்சில்லாமல் மீட்டர் போடுவார்கள். இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது.

அவரிடம் இரண்டடி நீளத்தில் ஒரு ஸ்குரூடிரைவர் உண்டு. ஓடுகிற இன்ஜின் மேல் அதன் நுனியை வைப்பார். மரக் கைப்பிடியை முன்பற்களால் கடித்துக்கொள்வார். இரண்டு காதையும் விரலால் அடைத்துக் கண்ணை மூடுவார். இன்ஜின் அதிரும், ஸ்குரூடிரைவர் அதிரும், மேஸ்திரியின் கன்னம் கேழ்வரகுக் களி மாதிரி ஆடும். புதிதாக வந்த ஒரு சாஃப்ட்வேர் தம்பி, வலிப்பு என்று நினைத்து அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டான். மேஸ்திரி கண்ணைத் திறக்காமலே, "ரெண்டாவது சிலிண்டர்ல வால்வு லூஸ். இந்த சாவி எந்த வண்டிது?" என்று கேட்டார்.

"காதாலயே கேட்டா இன்னா மேஸ்திரி?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"காதுல கேட்டா கஸ்டமர் பேசுறதும் சேந்து வுழுதுண்ணா."

மனிதர்களிடம் தமிழில் பேசுவார். இன்ஜினிடம் கன்னடத்தில்தான் பேசுவார். இந்த ஊர்த் தண்ணீர் குடித்த இன்ஜினுக்கு இந்த ஊர்ப் பாஷைதான் புரியுமாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தொம்மலூரில் வாளியும் துணியுமாகக் கார் துடைத்தேன். டிரைவர் ஆனேன். இன்று பன்னிரண்டு வேன்களில் கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்குகிறேன். அவர்களில் பாதிப் பேர் இன்ஜினியர்கள். ஒருவருக்கும் பஞ்சர் ஒட்டத் தெரியாது. என் உழைப்பில் நான் முதன்முதலாக வாங்கியது ஒரு குண்டு வெள்ளைக் கார். பன்னிரண்டு வேன்களும் அதன் வயிற்றில் பிறந்தவை என்றுதான் சொல்லுவேன்.

அந்தக் கார் ஒருநாள் படுத்துவிட்டது. கிளப்பினால் பத்து நிமிடம் ஓடும். பிறகு பின்னால் சாம்பிராணி போட்ட மாதிரி வெள்ளைப் புகை வரும், முன்னால் தண்ணீர் கொதிக்கும், நின்றுவிடும். என் டிரைவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பிளக் மாற்றினேன், கார்புரேட்டர் மாற்றினேன், பெட்ரோல் பம்ப் மாற்றினேன். கார் மட்டும் மாறவில்லை.

எங்கள் தெருவில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டும். பூஜை முடிவதற்குள் அந்தப் பத்து நிமிடமும் தீர்ந்துபோய், என் வெள்ளைக் கார் இரண்டு வருடம் தானாகக் கிளம்பவில்லை. நாலு பேர் தள்ளித்தான் பழம் நசுங்கியது. இரண்டாவது வருடம் ஒரு பழம் நசுங்காமலே உருண்டு சாக்கடைக்குப் போனது. தெருவே பார்த்தது.

என் வீட்டுக்காரி அன்றே சொல்லிவிட்டாள்: "வர்ற ஆயுத பூஜைக்கு இது தானா கெளம்பி எலுமிச்சம்பழம் நசுக்கணும். இல்ல, மறுநாள் குஜிரிக்காரன் வந்து தூக்கினு போவான்."

குஜிரி என்றால் எங்கள் ஊரில் பழைய இரும்புக் கடை. அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. கடைக்காரரின் நம்பர் அவள் போனில் ஏறிவிட்டது.

பல்லு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்தார், கடித்தார், பத்து நிமிடம் அதிர்ந்தார். பிறகு ஆயில் அளக்கிற கம்பியை உருவி என் மூக்குக்கு நேராக நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழுப்பாக நுரைத்திருந்தது.

"பாருண்ணா. உன் இன்ஜின் காபி போடுது."

"அப்டின்னா?"

"உள்ள வெடிச்சிருக்குது. ஆயில்ல தண்ணி கலக்குது. இத்த தெறந்து தைக்கிறது வேஸ்ட்டு. வேற இன்ஜின் எறக்கலாம்."

ஐயோ, அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. பழைய உடம்புக்குப் புது நெஞ்சு. மறுநாளே இருவரும் குஜிரிக்குப் போனோம். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிய ஒரு வேனில் இன்ஜின் மட்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி அதையும் கடித்துக்கொண்டு, என்னைக் கையால் சுற்றச் சொன்னார்.

கடைக்கார பாய் கேட்டார்: "இன்னா ஜீ, துரு இனிப்பா இருக்குதா?"

"நல்லா இருக்குது பாய். பேரிங் கல்லு மாதிரி இருக்குது. எடுத்துக்கலாம்ணா."

இன்ஜின் ஈஜிபுரா ஷெட்டுக்குப் போனது. கார் தொம்மலூரில் என் வீட்டு வாசலில். பொருந்துமா என்று பார்க்க அந்த இரும்பு மலையை எத்தனை தடவை தூக்குவது? இங்கேதான் மேஸ்திரியின் மூளை வேலை செய்தது. ஃபிரிட்ஜ், டிவி வருகிற பெட்டிகளிலிருந்து தெர்மாகோல் சேர்த்தார். அதை வெட்டி ஒட்டி, அதே நீளம் அகலத்தில், ஃபேன் முதல் ஆயில் தொட்டி வரை ஒரு முழு இன்ஜின் செய்துவிட்டார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

கண்டக்டர் கன்னடத்தில் அது என்ன என்று விசாரித்தார்.

"இன்ஜினு" என்றார் மேஸ்திரி.

கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிக்கப் போனார். மேஸ்திரி இன்ஜினைச் சுண்டுவிரலில் தூக்கிக் காட்டினார். பஸ்ஸே எழுந்து நின்று பார்த்ததாம். இது அவர் சொன்னது. பாதியாவது உண்மை இருக்கும்.

பழைய இன்ஜினைக் கழற்றியதில் வெறும் கூடாக நின்ற காருக்குள் அந்தத் தெர்மாகோலை இறக்கினோம். ஆயில் தொட்டி கீழே குறுக்குச் சட்டத்தில் இடித்தது. கத்தியால் சீவினார், சீவின இடத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பென்னால் குறித்தார், ஷெட்டுக்குப் போய் நிஜத் தொட்டியை அதே அளவுக்கு வெட்டி வெல்டு வைத்தார். ஃபேன் ரேடியேட்டரில் உரசியது. மறுபடி சீவல், மறுபடி பஸ். டேப் பிடித்து அளவெடுக்கிற பெரிய பொறுப்பு என்னுடையது. இன்ச் இன்ச்சாக அளந்தேன்.

ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி ஒன்று சொல்லுவார்: "அண்ணா, பானட்ட எறக்கினு வா. ஒரு வாட்டி மூடிப் பாத்துக்கலாம்."

பானட், அதாவது காரின் முன்மூடி, மொட்டைமாடியில் இருந்தது. வேலைக்குத் தடையாக இருக்கிறதே என்று முதல் நாளே கழற்றி மேலே ஏற்றிவிட்டேன். அதைக் கவிழ்த்துப் போட்டு என் வீட்டுக்காரி வடாம் காயவைத்துக்கொண்டிருந்தாள். சூடு ஏறிய தகரத்தில் வடாம் அரை நாளில் காய்கிறதாம். வடாமை எடுக்கச் சொன்னால் யார் திட்டு வாங்குவது?

"பானட்டுலாம் தன்னால மூடும் மேஸ்திரி. என் கண்ணே டேப்பு" என்றேன். மூன்று தடவை சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், இரும்புக் குழாய் முக்காலி நட்டு, செயின் போட்டு நிஜ இன்ஜினை இறக்கினோம். தெர்மாகோல் உட்கார்ந்த இடத்தில் சட்டமாக உட்கார்ந்தது. மறுநாள் காலை தெருவே கூடி நிற்க, சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. என்ன சத்தம் அது. நெய்யில் தாளித்த மாதிரி ஒரு சத்தம். மேஸ்திரி ஸ்குரூடிரைவரைக் கடித்துப் பார்த்துவிட்டு, கன்னடத்தில் இன்ஜினைக் கொஞ்ச ஆரம்பித்தார். நான் அழவில்லை. புகை.

பிறகு பானட்டை இறக்கி வந்து மாட்டினோம். மூடவில்லை. ஏர் ஃபில்டர் முட்டிக்கொண்டு நான்கு விரல் தூக்கி நின்றது. அப்படியே ஓட்டினால் காற்றில் எழுந்து கண்ணாடியை மறைக்கும். நல்ல நேரம் முடிய முக்கால் மணி இருந்தது.

தெரு என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரி போனைப் பார்த்தாள். நான் தரையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

"இன்னாது இது? யாரு அளவெடுத்தது?" என்றாள்.

நான் குனிந்து எலுமிச்சம்பழத்தை நேராக்கி வைத்தேன். மேஸ்திரி ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நான்தான் அண்ணி. பானட்ட மறந்துட்டேன். அண்ணன் மூணு வாட்டி சொல்லிச்சு, நான்தான் கேக்கல."

என் வீட்டுக்காரி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்குப் பல்லால் கேட்கத் தேவையில்லை. உள்ளே போனாள். வடாம் கூழ் காய்ச்சுகிற அலுமினியக் குண்டானைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஓட்ட போட்டு இத்த கவுத்து வெச்சிக்குங்க. வடாம் போட எடமும் போச்சு, குண்டானும் போச்சு. இனிமே ரெண்டு பேருக்கும் வடாம் கெடையாது."

கிரைண்டரால் பானட்டில் வட்டமாக அறுத்தார் மேஸ்திரி. குண்டானைக் கவிழ்த்து நாலு போல்ட் முடுக்கினார். பானட் மூடியது. குண்டானுக்குச் சந்தனம், குங்குமம், மேலே செவ்வந்தி மாலை. கியர் போட்டேன். நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கிய சத்தம் கோடிஹள்ளி வரை கேட்டிருக்கும். மூன்று சுற்று சுற்றினேன். முன் சீட்டில் என் வீட்டுக்காரி. பின் சீட்டில் தெர்மாகோல் இன்ஜினைக் கட்டிக்கொண்டு மேஸ்திரி. இன்றும் சிக்னலில் நின்றால் பைக் பையன்கள், "அங்கிள், டர்போவா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.

அந்த இன்ஜினுக்கு ஒரு கோளாறும் வராது. அப்படி வேலை செய்துவிட்டார். அதில்தான் எனக்குச் சிக்கல். கோளாறே இல்லாமல் மேஸ்திரியை எப்படிக் கூப்பிடுவது? அதனால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு நானே ஒரு பிளக் ஒயரைக் கொஞ்சம் தளர்த்தி, இன்ஜினைத் திக்கித் திக்கி மிஸ் அடிக்க வைத்துவிட்டு போன் போடுவேன். கேட்டில் நின்று பார்த்தாலே தெரிகிற கோளாறுக்கு மேஸ்திரி வந்து அரை மணி நேரம் கண்ணை மூடிக் கடிப்பார். "கஷ்டமான கேஸுண்ணா. டீ குடிச்சாத்தான் புரியும்" என்பார். டீயோடு வறுத்த வடாமும் வரும்.

போன மாதம் வேலை மும்முரத்தில் ஒயரைத் தளர்த்த மறந்தேன், போனும் போடவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்குரூடிரைவரும் கையுமாக அவரே கேட்டில் நின்றார்.

"இல்ல... வண்டி இந்நேரம் மிஸ் அடிக்கணுமேன்னு வந்தேன்ணா."

"ஆமா மேஸ்திரி. காலையிலேர்ந்தே சத்தம் சரியில்ல" என்றேன்.