பத்து நிமிடப் பண்ணையம்

முகநூல் விவசாயி என்றொரு இனம் உண்டு. மழை பெய்தாலும் பொய்த்தாலும் செழித்து வளரும் இனம். கிணறு, பம்புசெட்டு, மண்வெட்டி எதுவும் வேண்டாம். ஒரு பச்சைத் துண்டு, ஒரு செல்போன், படம் எடுக்க என்னை மாதிரி ஒரு இளிச்சவாயன், அவ்வளவுதான். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தவர் ஆண்டிச்சாமி அண்ணன்.

அண்ணனுக்கு நாகல் நகரில் எலெக்ட்ரிக்கல் கடை. எனக்கு அதற்கு அடுத்த கடை. அவருக்குச் சொந்தமான ஒரே பயிர் மாடியில் இருக்கிற கற்றாழைத் தொட்டி. அதற்கும் அண்ணிதான் தண்ணீர் ஊற்றுகிறார். ஆனால் முகநூலில் அவர் 'மண்ணின் மகன் ஆண்டிச்சாமி'. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் பைக்கில் ஏறி, சின்னாளபட்டி சாலையில் எவன் தோட்டம் பச்சையாகத் தெரிகிறதோ அங்கே இறங்கி, பேண்ட்டைக் கழற்றிப் பையில் திணித்து, வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, பாட்டில் தண்ணீரை நெற்றியில் தெளித்து வியர்வையாக்கிக்கொண்டு, "செத்த நேரம் இருப்பா, மூஞ்சில வெயில் விழட்டும்" என்று நிற்பார். பத்து நிமிடம். நான்கு சட்டை மாற்றி நான்கு படம். ஒரு வார உழைப்பு முடிந்தது!

அதற்குக் கீழே வருகிற பாராட்டு இருக்கிறதே, அப்பப்பா! "தலைவணங்குகிறேன் ஐயா", "நமக்குச் சோறு போடும் சாமி இவர்தான்". இப்படி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அவர் கடையில் பல்பு வாங்கியவர்கள். அவர்களுக்குமா தெரியாது? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கும்பிடு போடுகிறார்கள்.

கூத்து அதோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? அண்ணன் மகள் பானுப்ரியாவுக்குக் கீரனூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் முகேஷ்குமாரும் அவன் அப்பாவும் நிஜமாகவே வெங்காயம் போடுகிறவர்கள். பெண்ணின் அப்பாவும் நம்மைப்போல் விவசாயிதான் என்று முகநூலைப் பார்த்து நம்பி வருகிறார்கள். பானுவுக்கோ பையனை ரொம்பவே பிடித்துவிட்டது. பொய்யால் இந்தச் சம்பந்தம் கெட்டுவிடுமோ என்று அவளுக்குத் தூக்கமே இல்லை.

"நெசத்தச் சொல்லிருங்கப்பா" என்று கெஞ்சினாள்.

"போத்தா அங்கிட்டு! அம்புட்டு லைக்கு வாங்கிட்டு இப்பப் போயி பல்புக் கடைன்னு சொன்னா, என் மானம் என்னத்துக்காகும்?"

பெண் பார்க்கும் அன்று நானும் அங்கே இருந்தேன். வந்தவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அண்ணனுக்குக் கை அரித்தது. செல்போனை நீட்டி, போன வாரம் நான் எடுத்த படத்தைக் காட்டினார். 'இன்று என் வெங்காயத் தோட்டத்தில் களையெடுப்பு.' நானூற்றுப் பன்னிரண்டு லைக். கை நிறையப் பிடுங்கிய களை, முகம் நிறையச் சிரிப்பு.

பையனின் அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. கையில புடுங்கி வெச்சிருக்கீங்களே, அது வெங்காயமுங்க. காலடியில உட்டு வெச்சிருக்கீங்க பாருங்க, அதுதானுங்க களை, கோரைப்புல்லு."

நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தர்கூட அதைக் கவனிக்கவில்லையே, பாவிகளா! படம் எடுத்த நானும்தான்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பானு முன்னால் வந்துவிட்டாள். "அப்பாவுக்குத் தோட்டமே இல்லைங்க. பல்புக் கடைதான். அது யாரு வெங்காயம்னுகூட எங்களுக்குத் தெரியாது." சொல்லும்போதே குரல் உடைந்தது.

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் பானுவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"புள்ள நெசம் பேசுதுங்க. எங்களுக்குப் புடிச்சுப்போச்சு. ஒரே ஒரு கண்டிசனுங்க. கண்ணாலம் முடிஞ்சு சம்பந்தி எப்ப வேணா ஊட்டுக்கு வரலாமுங்க. வெங்காயக் காட்டுக்குள்ள மட்டும் கால வெக்கப்படாது!"

வீடே சிரித்தது. பானு அழுதுகொண்டே சிரித்தாள்.

அண்ணன் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் புதுப் படம் ஏறிவிட்டது. தலையில் பச்சைத் துண்டு, கூப்பிய கை. 'பொய் பேசாத பிள்ளையை வளர்த்தேன். அதுவே நான் செய்த விவசாயம்.' எடுத்தது யார்? நான்தான், வேறு யார்! அறுநூறு லைக் தாண்டிவிட்டது. அதில் ஒன்று உங்களுடையது, பெயரைப் பார்த்தேன்.

கோபப்படாதீர்கள். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் முகப்புப் படத்தில் பின்னால் தெரிகிறதே, அந்தப் புத்தக அலமாரி, அது யார் வீட்டில் எடுத்தது?