புன்னக்காயலில் நான் பல் தேய்த்த கதை

பல் டாக்டர்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பொய். பொறுமையெல்லாம் நாற்காலியில் வாயைத் திறந்து கிடப்பவருக்குத்தான். (அவருக்கு வேறு வழி?)

படிப்பு முடித்த புதிதில் புன்னக்காயலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பல் முகாம் போனோம். பிள்ளைகளுக்குச் சொத்தை விழாமல் பல்லில் மருந்து பூச வேண்டும். காலையில் பார்த்ததில் ஜெனிட்டா என்ற ஏழு வயதுக்காரிக்குப் புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லிலேயே சொத்தை தொடங்கியிருந்தது. அன்றே பூசினால் பிழைக்கும். அடுத்த முகாம் எப்போதோ.

கூட வந்த டாக்டர் ஆல்பர்ட் பைய செய்வோம் என்றார். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. மென்றால் பல்லில் அழுக்குள்ள இடமெல்லாம் சிவந்து காட்டும் மாத்திரையை வகுப்பு மொத்தத்துக்கும் கொடுத்துவிட்டேன். பிறகு தேய்க்கச் சொல்லிக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்த ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று நான் கேட்கவே இல்லை. அதற்குள் மதிய மணி அடிக்க, பிள்ளைகள் செக்கச்செவேல் வாயோடு வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசல் நிறையத் தாய்மார்கள். முன்னால் ஜெனிட்டாவின் அம்மா.

"எம்புள்ள வாயெல்லாம் ரத்தம். என்னத்த குடுத்திய?"

வெறும் சாயம்தான் என்று மன்றாடினேன்.

"அப்ப நீங்க ஒண்ணு தின்னு காட்டுங்க."

தின்றேன். விடியற்காலை பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் நான் பல் தேய்த்தது பேருக்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜெனிட்டா எட்டிப் பார்த்தாள்.

"எம்மா, என்னயவிட இவுகளுக்குத்தான் அழுக்கு கூட."

கூட்டம் சிரித்துவிட்டது. ரத்தமில்லை என்று நம்பினார்கள். ஆனால் ஜெனிட்டாவின் அம்மா விடவில்லை. வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, முதலில் நான் தேய்க்க வேண்டும், அப்புறம்தான் பிள்ளைகள் வாயைத் தொடலாம் என்றாள். மானம் கப்பலேற, பிள்ளைகளுக்கென்று கொண்டுபோன பிரஷ் ஒன்றைப் பிரித்து ஊர் பார்க்கத் தேய்த்தேன். சிவப்பு போகாத மூலையை ஜெனிட்டா விரல் நீட்டிக் காட்டினாள். பிறகு அத்தனை பிள்ளைகளும் அதேபோலத் தேய்த்தார்கள். முதல் பூச்சு ஜெனிட்டாவுக்கு. ஊர் திரும்ப வேண்டிய பஸ் போயே போய்விட்டது.

ஆல்பர்ட் உதவாமல் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். (அவரையே கட்டிக்கொண்டேன், விதி.) இப்போது மகனைப் பல் தேய்க்கக் கூப்பிட்டால், அப்பா போனில் அந்த வீடியோவைப் போட்டுவிட்டு பிரஷை என் கையில் கொடுக்கிறான். நான் தேய்த்துக் காட்டிய பிறகுதான் அவன் வாயைத் திறப்பான்.