தைலம் தேய்த்த நட்டு

திருச்சுழி,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

மஸ்கட்டில் சீரும் சிறப்புமாக இருக்கும் அன்புள்ள மைத்துனர் சங்கர் அவர்களுக்கு, தங்கள் மூத்த அக்காள் ஈஸ்வரியின் கணவரும், தங்கள் வீட்டின் மூத்த மருமகனுமாகிய தனுஷ்கோடி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் அக்காள், மகள் சுகப்பிரியா, எருமைகள் எல்லோரும் நலம். அவ்விடம் தங்கள் நலத்துக்கும், தாங்கள் ஓட்டும் கிரேனின் நலத்துக்கும் திருமேனிநாதர் துணையிருக்கட்டும். மூத்த மருமகன் என்று எடுத்த எடுப்பிலேயே எழுதியதற்குக் காரணம் உண்டு. கடைசிவரை படித்தால் விளங்கும்.

போன் இருக்கும்போது காகிதத்தில் ஏன் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் தங்கள் அக்காள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால், போன வருஷம் என் சகலை மாதவன் வீட்டுப் பால்காய்ச்சு சாம்பாரைப் பற்றித் தங்களுக்கு மட்டும் சொன்னது குடும்பக் குழுவில் போய் விழுந்து, மாதவனே அதற்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டான். அதனால் லீவு முடிந்து திரும்புகிற நரிக்குடி சௌந்தரபாண்டியன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். போன மாசிக் களரிக்கு, குலசாமி கும்பிடத் தாங்கள் வந்தபோது மருமகன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பை கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். தங்கள் வீட்டில் இலை போட்டாலும் வேட்டி எடுத்தாலும் முதல் கை மூத்த மருமகனுடையது. அந்த முறைப்படி நான்தான் முதலில் எழுந்து, இரண்டில் பெரிய பையை எடுத்தேன். பெரியவனுக்குப் பெரிய பை, இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஈஸ்வரிகூட அடுப்படி வாசலில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள், புருஷனுக்கு நடக்கிற மரியாதையைப் பார்த்துப் பூரிக்கிறாள் என்று நினைத்து நானும் தலையை ஆட்டினேன். மாதவன், தங்கள் சின்ன அக்காள் தீபலட்சுமியின் வீட்டுக்காரன், செருப்புப் பெட்டி அளவில் மிஞ்சிக் கிடந்த பையை வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டான். என் பையைப் பிரித்தால் ஒரு கம்பளி, அதற்குள் சுருட்டி வைத்த ஆறு தைல பாட்டில். அவன் பையைப் பிரித்தால் சிவப்புப் பெட்டி. உள்ளே வரிசையாக, பளபளவென்று, மோதிரப் பெட்டியில் மோதிரம் உட்கார்ந்திருப்பதுபோல, சாக்கெட்டுகள். முனை மழுங்கிப்போன நட்டையும் கவ்விப் பிடித்துக் கழற்றுவதற்காக உள்பக்கம் சுருள் சுருளாகப் பல் வெட்டியவை. விவசாயம் பார்க்கிற எனக்குத் தைலம், பந்தல்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அவனுக்கு நட்டுக் கழற்றுகிற பெட்டி. மூத்தவன் பெரிய பையைத்தான் எடுப்பான் என்று தெரிந்துதானே நல்ல சாமானைச் சின்னப் பையில் போட்டீர்கள்? ஆனாலும் நான் சபையில் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மாதவனின் அம்மா கருத்தம்மாள் அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் தைலத்தையே பார்த்துக்கொண்டிருக்க, மனசு கேளாமல் ஒரு பாட்டிலை அவர்களுக்குத் தானமாகக் கொடுத்தேன். அந்தப் பெருந்தன்மையை யாரும் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தூத்துக்குடி ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் டீ குடிக்க நிற்பதுபோல மாதவன் கடையில் நிற்கிறார்கள். "சக்கர நட்டு வழுக்கிருச்சு, மாதவண்ணனக் கூப்பிடுங்க" என்று நரிக்குடியிலிருந்து போன் வருகிறது. கல்யாண வீடுகளில் முன்பெல்லாம் என்னிடம் மழையைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து போல்ட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அவனுடைய திமிரையும் கேளுங்கள். வாளி, குடை, டிபன் கேரியர் எல்லாவற்றிலும் "மாதவன், பந்தல்குடி" என்று பெயிண்டில் எழுதி வைக்கிற பயல், இந்தச் சிவப்புப் பெட்டியில் மட்டும் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. பெட்டியைப் பார்த்தாலே யாருடையது என்று ஊருக்குத் தெரியுமாம், அவ்வளவு மப்பு. போதாதற்கு மாதம் தவறாமல் போன் போட்டு, "அண்ணே, பெட்டி ஒங்களுக்கு வேணுமாண்ணே, கொண்டாந்து குடுக்கட்டுமா" என்று குத்திக்காட்டுகிறான். "எனக்கு எதுக்குப்பா, எங்கிட்டத் தைலம் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

இப்படி இருக்கையில்தான் என் கிணற்று மோட்டார் காலை வாரியது. ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. பைப்பு மோட்டாரோடு சேருகிற இடத்தில் வாசர் கிழிந்து காற்றை இழுக்கிறது. நான்கு போல்ட்டைக் கழற்றி வாசரை மாற்றினால் வேலை முடிந்தது. மிளகாய் காய்ப்பில் நிற்கிறது, இந்த நேரத்தில் தண்ணீர் தப்பினால் செடியைப் பிடுங்கி எருமைக்குப் போட வேண்டியதுதான். மூன்று போல்ட் நல்லபிள்ளையாக வந்துவிட்டன. நாலாவது, நம் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் துருவேறி அசைய மறுத்துவிட்டது. நான் ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டு மாதவனை நினைத்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினேன். ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனை போனது. பைப் ரிஞ்சைப் போட்டேன், அது வழுக்கி என் கைமுட்டியின் தோல் போனது. உளியை வைத்து அடித்தேன், மிச்ச முனையும் போய் நட்டு கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துக் காட்டு மாரிசெல்வம் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, பந்தக்குடி அண்ணங்கிட்ட அந்தச் செவப்புப் பெட்டி இருக்குல்ல" என்றான். நான் பார்த்த பார்வையில் அவன் தன் காட்டுக்குப் போய்விட்டான். வீட்டுக்கு வந்தால் தங்கள் அக்காள், "எந்தங்கச்சி வீட்டுக்காரருதான, ஒரு போனப் போட்டா என்ன கிரீடமா எறங்கிரும்? செடி அங்க வாடிப்போய்க் கெடக்கு" என்கிறாள். செடி வாடுவது எனக்கு மட்டும் தெரியாதா. நான் வாடுவது யாருக்குத் தெரிகிறது?

மறுநாள் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய், ஆண்டிச்சாமி அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடையில் நின்றேன். கவுரவமாகக் கேட்க வேண்டுமே என்று, "என் சகலை மாதவன் கெணத்துல ஒரு நட்டு சிக்கிக்கிருச்சு, அதுக்கு ஒரு சாமான் வேணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பந்தக்குடி மாதவனா? அவருகிட்டயே நல்ல பெட்டி இருக்கே" என்றார். "பெட்டி இருந்தாப் போதுமா அண்ணாச்சி, கை வேணாமா" என்றேன். அந்த ஒரு நிமிஷம், சங்கர், எனக்கு வயிறு நிறைந்திருந்தது.

அவர் விவரமாகத்தான் சொன்னார். "மொதல்ல துருவுக்கு விடுற எண்ணெய ஊத்தி ஒரு ராத்திரி ஊறவிட்டு, சுத்தியலால தட்டிக்குடுக்கச் சொல்லுங்க. நட்டுல ஆறு மூலையும் இருந்தா ஆறுமூலை பாக்ஸ் ஸ்பேனர் போதும். பன்னெண்டு மூலை ரிங்கு வேணாம், அது இருக்குற மூலையவும் தின்னுரும். மூலை போயிருந்தா பல்லு வெட்டுன சாக்கெட்டு, அதுலயும் ஒரு சைசு சின்னதா எடுத்து அடிச்சு ஏத்தணும். அதுக்கும் அசையலன்னா நட்டப் பொளக்குற சாமான் இருக்கு. நட்டு இப்ப எந்த நெலமையில இருக்கு?" கொழுக்கட்டை நிலைமையில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்ன பொய்யின்படி நட்டு என்னமோ மாதவனுடையதுதான், ஆனால் அதைப் பாழாக்கிய கை என்னுடையதல்லவா. "நட்டு புதுசு மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றேன். ஆறுமூலை பாக்ஸ் ஸ்பேனரைக் கொடுத்தார். எண்ணெயும் தரட்டுமா என்றார். எண்ணெய் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன்.

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். நீ கொடுத்த தைலம்தான். மாதவனின் பெட்டி செய்கிற வேலையை என் தைலம் செய்யாதா என்று ஒரு வைராக்கியம். ஒரு பாட்டிலை நட்டின் தலையில் கவிழ்த்தேன். வாங்கிவந்த பாக்ஸ் ஸ்பேனரை மாட்டினால் அது கொழுக்கட்டையின் மேல் ராட்டினம்போலச் சுற்றுகிறது. இன்னொரு பாட்டில் ஊற்றினேன். சாயங்காலம் இன்னொன்று. கிணற்றடிக்கு வந்த மாரிசெல்வத்துக்குச் சளி விட்டதுதான் மிச்சம். கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும், அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் காலையில் மாதவன் கிணற்றடிக்கே பைக்கில் வந்து இறங்கினான். பெட்ரோல் டேங்கின் மேல் சிவப்புப் பெட்டி. ஆண்டிச்சாமி அண்ணாச்சி நல்லெண்ணத்தில் அவனுக்கே போன் போட்டு, நட்டு வந்துவிட்டதா என்று விசாரித்திருக்கிறார். "அண்ணே, எங்கெணத்துல நட்டு சிக்கிக்கிருச்சாம்ல, அருப்புக்கோட்டையில சொன்னாக" என்றான். "எங்கெணறு வத்திப்போயி மோட்டாரக் கழட்டி வித்து நாளாச்சு. அதான், யாரு கெணத்துலன்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்." முகத்தில் ஒரு சிரிப்பாவது சிரித்தானா, இல்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். குனிந்து நட்டைப் பார்த்தவன் மூக்கைச் சுருக்கி, "என்னண்ணே, நட்டுக்குத் தலவலியா?" என்றான். ஈஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடினாள். கட்டினவளே அப்படி.

அவன் பெட்டியைத் திறந்து, நட்டைவிடச் சின்னதாக ஒரு பல்லு சாக்கெட்டை எடுத்து, சுத்தியலால் அடித்து ஏற்றி, நீளக் கைப்பிடியை மாட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாமி சத்தியமாக, வரக்கூடாது என்றுதான் வேண்டினேன். என் மோட்டார், என் மிளகாய், என் தண்ணீர், ஆனாலும் வரக்கூடாது என்று வேண்டினேன், என் வயிற்றெரிச்சல் எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். கிறீச் என்று ஒரு சத்தம். வந்துவிட்டது. மாரிசெல்வம் கைதட்டினான். மாதவன் என்னைப் பார்த்து, "தைலம் நல்லா எறங்கிருக்குண்ணே, அதான் லேசா வந்துருச்சு" என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறானாம். அன்றைக்கு வீட்டில் கோழி. எப்போதும் என் இலையில் விழுகிற ஈரல் அவன் இலையில் விழுந்தது. போகும்போது வாசலில் நின்று, "பெட்டி இங்கயே இருக்கட்டுமாண்ணே?" என்றான். "எடுத்துட்டுப் போப்பா, யாருக்கு வேணும்" என்றேன். பைக் தெருமுனை திரும்பும்வரை அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே தங்களிடம் மூத்த மருமகன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற மாசிக் களரிக்கு வரும்போது எனக்கும் ஒரு சிவப்புப் பெட்டி கொண்டுவர வேண்டும். மாதவனுடையதைவிட ஒரு சாக்கெட்டாவது கூட இருக்க வேண்டும். சபையில், மாதவன் பார்க்கும்படி, தங்கள் கையாலேயே கொடுக்க வேண்டும். தைலம் இனி வேண்டவே வேண்டாம். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், வெயிலில் கிரேன் கூண்டுக்குள் மோர் வைத்துக்கொள்ளவும். தங்களுக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் பெண் அமைந்து, அந்த வீட்டில் தாங்களே மூத்த மருமகனாகவும், இளைய மருமகனே இல்லாமலும் இருக்க ஆசீர்வதிக்கும்,

தங்கள் அன்பு அத்தான்,
தனுஷ்கோடி.

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டபோது தங்கள் அக்காள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்ததும், "அந்தச் சின்னப் பைதாங்க ஒங்களுக்கு" என்றாள். கலப்பை போல்ட்டோடு நான் மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டுப் போய், தாங்கள் எனக்காகவே தேடி வாங்கிய பெட்டியாம் அது. தைலமும் கம்பளியும் கருத்தம்மாள் அத்தையின் முழங்காலுக்கென்று மாதவன் வாங்கிவரச் சொன்னதாம். தாங்கள் குளித்து வருவதற்குள் நான் கை வைத்துவிட்டேனாம். அத்தனை பேர் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்க மனமில்லாமல்தான் கண்ணைக் காட்டினாளாம். மாதவனுக்கும் இது தெரியுமாம், அதனால்தான் பெட்டியில் பெயர் எழுதவில்லையாம். எனவே மேலே கண்ட எதையும் மனதில் வைக்க வேண்டாம். பெட்டி வேண்டாம். தைலம் மட்டும் ஆறு பாட்டில் கொண்டுவரவும், அத்தைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் களரிக்கு முதல் கை மாதவனே வைக்கட்டும், நான் முழுமனதோடு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அவன் எடுத்த பையை அங்கேயே, என் முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும்.