தலைவரின் கால்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வந்தவர்கள் அனைவரும் தவக்காலத்துக்காக எதையாவது விட்டுவிடத் தீர்மானித்தார்கள். ஒருவர் இறைச்சியை விட்டார். ஒருவர் தொலைக்காட்சித் தொடரை விட்டார். தனிஸ்லாஸ் எதையும் விடவில்லை. பிடிப்பதென்று தீர்மானித்தார். பெரிய வியாழன் மாலையில் பீடத்தின் முன் போடப்படும் பன்னிரண்டு நாற்காலிகளுள் ஒன்றை.

அன்று ஆண்டவர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். தாழ்மையைக் கற்பிக்க ஏற்பட்ட சடங்கு அது. கழுவுகிறவருக்கு அது தாழ்மையாகத்தான் இருக்கிறது. கழுவப்படுகிறவருக்கு எப்போது அது பதவியாயிற்று என்பதைத் திருச்சபை வரலாறு சொல்லவில்லை.

தனிஸ்லாஸ் மிஷன் பள்ளி ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது 'எழுத்தர்' போய்விட்டது. 'தலைமை' மட்டும் தங்கிவிட்டது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அன்பியத்தில் வைத்தார். அண்டை வீட்டார் சேர்ந்து செபிக்கவும் இல்லாதவர்க்கு உதவவும் ஏற்பட்ட சிறு குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அதற்கு அவர் தலைவர். தொடக்கத்தில் தொண்டையைக் கனைப்பார். முடிவில் காபி வந்துவிட்டதா என்று கேட்பார். இடையில் நடப்பதற்கு 'என் தலைமையில் நடந்தது' என்று பெயர்.

நாற்காலி ஆசைக்கு வித்திட்டவர் அவருடைய மைத்துனர் ஸ்டீபன். வாடிப்பட்டியில் ஸ்டீபன் வீட்டு வரவேற்பறைச் சுவரில், சட்டம் போட்ட வண்ணப்படம் ஒன்று தொங்கியது. படத்தில் ஒரு குருவானவர் ஒரு பாதத்தை முத்தமிட்டுக்கொண்டிருந்தார். பாதம் ஸ்டீபனுடையது. வந்தவர்களையெல்லாம் அதன் கீழே உட்காரவைத்துத்தான் அவர் காபி கொடுப்பார். ஒவ்வொரு முறையும், "மாப்ள, இது சும்மா கால் இல்ல" என்பார். அந்தக் காலின் கீழ் உட்கார்ந்து உட்கார்ந்து தனிஸ்லாஸுக்குக் காபியே கசந்துவிட்டது.

ஒரே ஒரு தடைதான் இருந்தது. தலைவருக்குத் தலையில் ஒரு குறையும் இல்லை. குறை காலில். கோடையில் வற்றிய கண்மாயைப் போல் குதிகால் வெடித்துக் கிடந்தது. வீட்டில் போர்வைகள் எப்போதும் கால்மாட்டில்தான் கிழிந்தன.

ஆகவே வாசலில் ஒரு பேசின் வந்தது. வெந்நீர் வந்தது. கல்லுப்பு வந்தது. குதிகால் தேய்க்கும் கல்லும், ஊறிய பின் தடவக் களிம்பும் வந்தன. காலையும் மாலையும் தலைவர் தண்ணீரில் நின்றார். மதில் சுவருக்கு அப்பால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி, இதென்ன வைத்தியம் என்று கேட்டாள். அவள் அழகர்கோவிலுக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பத்தவள். கிறிஸ்தவச் சடங்கெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை.

"பெரிய வியாழக்கிழமை சாமியார் எனக்குக் கால் கழுவி விடப் போறாரு" என்றார் தனிஸ்லாஸ், நிமிர்ந்து.

கனகலட்சுமி கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். சிறிது நேரத்தில் பின்வாசல் வழியாக வந்து, அவர் மனைவி ஆனிமேரியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணனுக்கு அம்புட்டு முடியாமயாக்கா போச்சு? நேத்துக்கூடத் தெப்பக்குளத்தச் சுத்தி நடந்துக்கிட்டுத்தான இருந்தாரு. அதுக்குன்னு ஒரு ஆள் வைக்கக் கூடாதா? பாவம், சாமியாரப் போயி அந்த வேலைக்கு…"

ஆனிமேரி திருத்தவில்லை. "வயசாகுதுல்ல" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து கனகலட்சுமி தனிஸ்லாஸைப் பார்க்கும் பார்வையில் ஓர் இரக்கம் சேர்ந்துகொண்டது. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

ஆனிமேரி பேச்சில் சிக்கனமானவள். அவளுடைய காரியங்கள் சனிக்கிழமையில் நடந்தன. வைகைக்கு அக்கரையில், செல்லூர்ச் சந்துகளில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அன்பியத்தின் பெயரால் சனிக்கிழமைதோறும் மதியச் சாப்பாடு போனது. அரிசியும் பருப்பும் எல்லா வீட்டிலிருந்தும் வரும். சமைப்பது ஆனிமேரி. இரண்டு வயர்க் கூடைகளில் தூக்குச்சட்டிகளை அடுக்கி, ஷேர் ஆட்டோவில் ஏறி, ஆட்டோ நுழையாத சந்துகளில் நடந்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவதும் அவளே. மூட்டுவலி வந்த பிறகு, கூடையை மட்டுமாவது தூக்கி வரும்படி கணவரைப் பலமுறை கேட்டாள். தலைவர் தூக்குச்சட்டி தூக்கினால் தலைமை என்னாவது என்று அவர் பலமுறை மறுத்தார். அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், பேசினில் நின்றிருந்தவரிடம் ஆனிமேரி வந்தாள்.

"ஏங்க, பாதம் கழுவுறத ஃபாதர் இந்த வருஷம் வேற மாதிரி செய்யப் போறாராம்."

"எப்படியாம்?"

"நம்ம சனிக்கிழமைச் சாப்பாட்டு வீட்டுக்காரங்க இருக்காங்கள்ல, அவங்களுக்குத்தான் கழுவப் போறாராம்."

தனிஸ்லாஸின் கையிலிருந்த கல் தண்ணீரில் விழுந்தது. "சாப்பாட்டு வீடுன்னா… நம்ம வீடு."

"அடுப்புல பால் இருக்கு" என்று ஆனிமேரி உள்ளே போய்விட்டாள்.

பால் பொங்கவில்லை. பொங்கியது தனிஸ்லாஸ்தான். தலைகால் புரியாத மகிழ்ச்சி என்பார்களே, அது அவருக்கு ஏற்பட்டது. இரண்டில் எது முக்கியம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. ஈரக் காலோடு சமையலறை வரை வந்துவிட்டார்.

"சாப்பாட்டு வீட்டுல யாருன்னு ஃபாதர் கேட்டா, என் பேரச் சொல்லிரு."

"நான் சொல்லுவேங்க. ஃபாதர் செல்லூர்ல விசாரிச்சா அவங்களும் சொல்லணும்ல? இம்புட்டு வருஷத்துல அவங்க உங்க மூஞ்சியவே பாத்ததில்ல."

தனிஸ்லாஸ் யோசித்தார். தலைமை எழுத்தரின் மூளை வேலை செய்தது. "அப்ப இந்த வாரத்துலருந்து சாப்பாட நானே கொண்டுக்கிட்டுப் போறேன்."

"ரெண்டு கூடைங்க. கனமா இருக்கும்."

"தலைவர்னா கனத்தத் தாங்கணும், ஆனி."

அவள் மேலும் தடுத்துப் பார்க்கவில்லை.

தவக்காலச் சனிக்கிழமைகளில் செல்லூர் ஒரு புதுமையைக் கண்டது. வெள்ளைச் சட்டையும், மாசி வெயிலில் முழு ஷூவும், அதற்குள் இரண்டு ஜோடிக் காலுறையும் அணிந்த ஒரு பெரியவர், கூடைக்கொன்றாகக் கைகள் நீள, விசைத்தறிகளின் இரைச்சலுக்கு நடுவே சந்து சந்தாக வேர்த்துக்கொண்டு போனார். காலுறை எதற்கென்றால், வாசற்படியில் படாத பாடு பட்டு மெருகேற்றிய பாதம் செல்லூர்ப் புழுதியில் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு வீட்டிலும் தம் பெயரைத் தெளிவாகச் சொன்னார். சிலரைத் திரும்பச் சொல்ல வைத்தார்.

தறிக்குப் பாவு நூல் சுற்றிச் சுற்றி முதுகு வளைந்து கட்டிலோடு ஒடுங்கிவிட்ட இருளாயி, பெயரைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "சமையக்காரய்யா, போன வாரம் கொழம்புல உப்பு கம்மி" என்றாள். அன்பியத் தலைவர் என்று அவர் விளக்கினார். "தலைவரா இருந்தாலும் உப்புப் போடணும்ல" என்றாள் அவள். அவர் கூடைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

கடைசிச் சந்தில் முத்திருளன் இருந்தார். விசைத்தறி ஓட்டியவர், சர்க்கரை நோய் ஒரு காலைக் கொண்டுபோய்விட்டது. தலைவரின் ஷூவையும் காலுறையையும் அவர் நெடுநேரம் பார்த்தார்.

"என்ன சார், கால்ல புண்ணா?"

"இல்ல இல்ல. பத்திரமா வச்சிருக்கேன்."

"நானும் பத்திரமாத்தான் வச்சிருந்தேன்" என்றார் முத்திருளன்.

தனிஸ்லாஸ் பேச்சை மாற்றினார். பெரிய வியாழனன்று கோயிலில் பங்குத்தந்தை பாதம் கழுவவிருப்பதையும், அது எவ்வளவு பெரிய பேறு என்பதையும் எடுத்துரைத்தார். முத்திருளன் தலையைக் குனிந்துகொண்டார். "ஒங்க வீட்டம்மா சொன்னாங்க சார். நெனச்சாலே கூச்சமா இருக்கு." தமக்குக் கிடைக்கப்போகும் மகிமையை எண்ணி ஓர் ஏழை கூசுகிறான் என்று தலைவர் நெகிழ்ந்துபோனார். வீடு திரும்பியதும் மனைவியிடம் அதைச் சொல்லிக் கண்கலங்கினார். ஆனிமேரி முழங்காலை நீட்டி உட்கார்ந்து, "நல்ல மனுசன்" என்றாள். யாரை என்று அவர் கேட்கவில்லை.

குருத்து ஞாயிறன்று வாடிப்பட்டிக்குத் தொலைபேசி போயிற்று.

"மச்சான், வியாழக்கெழம குடும்பத்தோட வந்துருங்க. முன் வரிசை. கேமரா நல்லா இருக்குற போனக் கொண்டு வாங்க."

"என்ன மாப்ள விசேஷம்?"

"வந்து பாருங்க. கால மட்டும் பாருங்க."

பெரிய வியாழன் மாலையில் தனிஸ்லாஸ் கோயிலுக்கு முதல் ஆளாக வந்தார். கரை வேட்டி. காலணியை வெளியே கழற்றிவிட்டு உள்ளே நடந்தபோது, அந்தப் பாதங்கள் சுட்டெடுத்த பன் போல் மினுமினுத்தன. பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள் வெள்ளைத் துணி போர்த்திக் காத்திருந்தன. முன் வரிசையில் பங்குப் பேரவையின் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து அமர்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பார்வை நாற்காலியையும் ஒரு பார்வை மற்றவர் காலையும் பார்த்தார்கள். ஸ்டீபனும் வந்து, போனைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் ஆட்டோக்கள் வந்து நின்றன. இருளாயியைத் தூக்கி இறக்கினார்கள். ஊன்றுகோலுடன் முத்திருளன் இறங்கினார். பின்னாலேயே மற்றவர்கள். தம் கால் கழுவப்படுவதைக் காணச் செல்லூரே திரண்டு வந்துவிட்டது என்று தனிஸ்லாஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏங்க, பெஞ்சுல அவங்களால உக்கார முடியாது. அந்த நாற்காலியில உக்கார வைங்க" என்றாள் ஆனிமேரி.

அவர் தாமே கைத்தாங்கலாக அழைத்துப்போய் ஒருவர்பின் ஒருவராக அமர்த்தினார். பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று சற்று மெதுவாகவே அமர்த்தினார். பன்னிரண்டாவது நாற்காலியில் முத்திருளன் உட்கார்ந்ததும் மணி அடித்தது. திருப்பலி தொடங்கிவிட்டது. மறையுரையும் முடியும் தறுவாய்க்கு வந்தது. தனிஸ்லாஸ் மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

"இவங்க எப்ப எந்திரிப்பாங்க?"

"எதுக்கு எந்திரிக்கணும்?"

"சாப்பாட்டு வீட்டுக்காரங்களுக்குத்தான் கழுவுறதுன்னு நீதான சொன்ன."

"ஆமா. சாப்பாடு போற வீட்டத்தாங்க சாப்பாட்டு வீடும்போம். வருஷக்கணக்கா அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கோம்."

"அப்ப நம்ம வீடு?"

"அது அடுப்பு வீடு."

சனிக்கிழமைச் சாப்பாட்டின் தலைவருக்கு அந்தச் சொல் தெரியாதிருந்தது அவர் குற்றமன்று. தெரிந்துகொள்ள அவர் ஒரு சனிக்கிழமையாவது போயிருக்க வேண்டும். போகத் தொடங்கிய பிறகோ, தம் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்ததில் பிறர் சொன்னது காதில் விழவில்லை.

பங்குத்தந்தை ஜூடு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். இந்த ஆண்டு நோயாளிகளின் பாதங்களையே கழுவ வேண்டுமென்பது, தவக்காலத்துக்கு முன்பே ஆனிமேரி அம்மா தம்மிடம் வந்து சொன்ன யோசனை என்று மக்களுக்கு அறிவித்தார். தவக்காலம் முழுவதும் இவர்களுக்குத் தம் கையாலேயே உணவு சுமந்த அன்பியத் தலைவர், இனி ஆண்டு முழுவதும் அப்பணியைத் தொடர இசைந்திருப்பதாக அம்மா தெரிவித்ததையும் சேர்த்துச் சொன்னார். கோயில் கைதட்டியது. எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவர்கள் முன் வரிசையினர். அன்று கழுவத் தயாராக வந்து கழுவப்படாமல் திரும்பிய கால்கள் தனிஸ்லாஸுடையவை மட்டுமல்ல.

"தலைவரே, வாங்க. இந்தச் செம்பப் புடிங்க" என்றார் தந்தை.

அவர் போனார். செம்பைப் பிடித்தார். தந்தை மண்டியிட்டு நகர நகர, பின்னாலேயே நகர்ந்து தண்ணீர் ஊற்றினார். இருளாயியின் காலில் தண்ணீர் பட்டதும் அவள் தலைவரை நிமிர்ந்து பார்த்து, தண்ணீர் ஜில்லென்று இருப்பதாகக் குறை சொன்னாள். முத்திருளனிடம் வந்தபோது அவர் தம் ஒரே பாதத்தைக் கூச்சத்துடன் நீட்டினார். அது வெடிப்பேறி, ஒரு வாழ்நாள் முழுவதும் தறியடியில் நின்று காய்த்துப்போயிருந்தது. அதற்கு யாரும் களிம்பு தடவியிருக்கவில்லை. பங்குத்தந்தை அதைத் துடைத்து, குனிந்து, முத்தமிட்டார். தனிஸ்லாஸ் செம்போடு குனிந்து தம் பாதங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

திருப்பலி முடிந்து கோயில் முற்றத்துக்கு வந்தபோது, ஸ்டீபன் போனை நீட்டிக்கொண்டு எதிரில் வந்தார்.

"கால மட்டும் பாக்கச் சொன்னீங்க மாப்ள. கால மட்டுந்தான் எடுத்தேன்."

தனிஸ்லாஸ் பார்த்தார். படத்தில் தாம்பாளம் இருந்தது. பங்குத்தந்தையின் கைகள் இருந்தன. முத்திருளனின் பாதம் நடுநாயகமாக இருந்தது. ஓர் ஓரத்தில், எவரும் தொடாத, களிம்பு வழியும் இரண்டு பாதங்கள் பளபளத்தன. இடுப்புக்கு மேலே ஒன்றும் விழவில்லை.

"ஆனி, என் தலையவே காணோம்" என்றார் அவர்.

ஆனிமேரி போனை வாங்கி, சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"பரவாயில்லங்க. நாளான்னைக்குச் சனிக்கெழம, செல்லூருக்குப் போறதுக்குத் தலை எதுக்கு?"